லூயிஸ், ஹாரிஸ் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஐந்து நாளில் ஸ்காட்லாந்துத் தீவுகளான ஸ்கை, லூயிஸ், பாரா, ஆர்க்னி. அப்படி அரக்கப்பரக்க ஓடினால் பாதிப் பொழுது கப்பல் துறையிலேயே கழிந்துவிடும். என் பேச்சைக் கேள், லூயிஸ், ஹாரிஸ் மட்டும் போங்கள். பெயர்தான் இரண்டு, தீவு ஒன்றே. ஸ்காட்லாந்துக் கரையில் உள்ள உல்லாப்பூலில் காரோடு கப்பல் ஏறினால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் லூயிஸின் பெரிய ஊரான ஸ்டோர்னோவே வந்துவிடும். இன்வர்னெஸ்ஸில் வேலை பார்த்த காலத்தில் நானும் அம்மாவும் திரும்பத் திரும்பப் போன இடம் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் ஹாரிஸில் உள்ள லஸ்கன்டயர் கடற்கரை. சிப்பிகள் நொறுங்கிச் சேர்ந்த வெண்மணல். தண்ணீர் பச்சையும் நீலமுமாக மின்னுவது அதனால்தான். அந்த நிறத்தை நம்பிக் குளிக்க இறங்கிவிடாதே, ஆகஸ்டிலும் கால் விறைத்துப் போகும். படம் எடுத்த கையோடு கிளம்பாமல், பக்கத்தில் உள்ள இடுகாட்டுக்கும் போ. ஹாரிஸின் கிழக்குக் கரை முழுக்கப் பாறை, குழி தோண்ட மண் கிடையாது. அங்கே இறந்தவர்களை மலைப்பாதையில் தோளில் சுமந்து வந்து, மேற்கே இந்த மணலில் புதைத்தார்கள். பெட்டியை இறக்கி இளைப்பாறிய இடங்களில் அவர்கள் அடுக்கிய கற்குவியல்கள் அந்தப் பாதையில் இன்னமும் இருக்கின்றன. அந்தக் கிழக்குக் கரைக் குடும்பங்களில் பல, 19ஆம் நூற்றாண்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காக மேற்கிலிருந்து நிலக்கிழார்களால் விரட்டப்பட்டவை. இதைத் தெரிந்துகொண்டு அந்த மணலில் நட, அம்மா.

லூயிஸின் மேற்கே ஊயிக் கடற்கரையில் கடல் வற்றும் நேரத்தில் நடந்தால் மணலுக்கு முடிவே தெரியாது. 1831இல் அந்தப் பக்கத்தில்தான் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய 12ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்கள் கிடைத்தன. பெரும்பாலானவை லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் போய்விட்டன. ஆறு மட்டும் ஸ்டோர்னோவே லூஸ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்னும் நிறைய இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் காய்களில் அரசிகள் கன்னத்தில் கை வைத்துக் கவலையோடு உட்கார்ந்திருப்பார்கள்; காவல் வீரர்களில் சிலர் வெறியில் தம் கேடயத்தையே கடித்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடிக்கு அருகே போய் அந்தப் பற்களைப் பார்.

லூயிஸில் கலனிஷ் என்ற இடத்தில் வட்டமாக நட்டு வைத்த உயரமான கற்களுக்கு வயது சுமார் 5,000 ஆண்டு. நடுக்கல் கிட்டத்தட்ட 4.8 மீட்டர் உயரம். காலப்போக்கில், செடிகொடிகள் மக்கிச் சேரும் கரிமண் அடியிலிருந்து ஏறி ஏறிக் கற்களைப் பாதி மூடிவிட்டது. 1857இல்தான் அதை வெட்டி அகற்றினார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது போ, கல்லின் வரிகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து கார்லவே கோபுரம் பக்கம்தான். இரட்டைச் சுவருக்கு நடுவே படிக்கட்டு வைத்து, சாந்தே இல்லாமல் 2,000 ஆண்டுகளுக்கு முன் அடுக்கிய கட்டடம். மாப்பிள்ளைக்குக் கட்டுமானம் பிடிக்கும், விட்டால் அங்கேயே நின்றுவிடுவார்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. ஸ்டோர்னோவேக்குச் சற்று வெளியே, ஹோம் என்ற இடத்தில் ஐயோலேர் கப்பலின் நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து, உயிர் பிழைத்த கடற்படை வீரர்கள் புத்தாண்டுக்கு வீடு திரும்பிய கப்பல் அது. 1919 ஜனவரி 1, விடியுமுன் கரைக்கு மிக அருகே பாறையில் மோதி 201 பேர் இறந்தார்கள். ஜான் மெக்லியோட் என்பவர் கயிற்றோடு நீந்திக் கரையேறியதால் சுமார் 40 பேர் பிழைத்தார்கள். பெற்றவர்கள் அடுப்பு மூட்டி, உடுப்பு எடுத்து வைத்துக் காத்திருந்த இரவு அது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமையே பெட்ரோலும் சாப்பாட்டுச் சாமான்களும் வாங்கிவிடு. ஒற்றைத் தடச் சாலையில் ஒதுங்குமிடங்களில் காரை நிறுத்தி வைக்காதே. எதிரே வருபவர்களுக்கான இடம் அது. கோடையில் காருக்குக் கப்பலில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றே டிக்கெட் போட்டுவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா