அவனுக்கு வயது 34

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், என் மகன் போய்வரும் பகல்நேர மையத்தைப் பற்றிய செய்தியைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். ஆசையோடு பக்கத்தைப் பிரித்தேன். "காகிதப் பை ஒட்டும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள்" என்று படத்தின் அடியில் இருந்தது. இடது ஓரத்தில் இருப்பவன் என் மகன். அவனுக்கு வயது 34. பக்கத்தில் இருப்பவருக்கு 41. காதோர நரை படத்திலேயே தெரிகிறது. வீட்டில் நான் அவனைக் குழந்தை என்று கொஞ்சுவேன். பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு, பத்திரிகைக்கு இல்லை.

பெற்றோர் நிம்மதியாக வேலைக்குப் போக உதவும் இடம் என்றும் தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். எனக்கு 67 வயது ஐயா, எந்த வேலைக்கும் போகவில்லை. என் காலத்துக்குப் பிறகு அவன் யார் கையையும் எதிர்பார்க்காமல் சோறு போட்டுச் சாப்பிட வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

மினி பஸ்ஸில் தனியாகப் போய்வர அங்கே 14 மாதம் பழக்கினார்கள். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்க அவனுக்கு வராது. பிள்ளையார் கோயில் தெரிந்ததும் எழுந்துவிட வேண்டும், அதுதான் அடையாளம். ஆசிரியை முதலில் பக்கத்தில் உட்கார்ந்தார், பிறகு பின் இருக்கைக்கு மாறினார், கடைசியில் ஸ்கூட்டரில் பஸ்ஸின் பின்னாலேயே வந்தார். முதன்முதலாக யாருமில்லாமல் ஏறிய அன்று, "கூட ஆள் இல்லையா?" என்று கேட்டு நடத்துநர் பாதி வழியில் இறக்கிவிட்டார். டிக்கெட்டுக்கான சில்லறையை மூடிய கையோடு அங்கேயே அரை மணி நேரம் நின்றிருக்கிறான். இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

வங்கியிலும் இதே கதைதான். அவன் எதிரில் உட்கார்ந்திருக்க, "பையன் பேசுவானா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் அவன் குழந்தை. ஆனால் படிப்பு என்று வரும்போது மட்டும் 18 வயதோடு பெரியவனாகிவிடுகிறான். மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995 சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டமும் சரி, இலவசக் கல்வி 18 வயது வரைதான் என்கின்றன. பள்ளிக்கூடம் முடிந்தபின் ஏழு வருடம் வீட்டுத் திண்ணையில்தான் கிடந்தான். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், அந்த அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்தும் 'பட்ஸ்' அமைப்பில் 18 வயதைக் கடந்தவர்களுக்கென்றே மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. தங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே படத்தை, அதில் இருக்கும் நால்வரின் பெயரோடும் வயதோடும் மறுபடி வெளியிடுங்கள். நால்வரிடமும் நேரில் கேட்டுவிட்டேன், அவர்களுக்குச் சம்மதம். என் மகனுக்கு வேறெதுவும் படிக்க வராவிட்டாலும் தன் பெயரை எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மார்த்தாண்டம்.