படைச் செலவு பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலூரிலேயே வேலை அமைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அவளை ஒருமுறை ஆவடிக்கு அனுப்பி வை.

ராணுவத்தில் செலவைக் குறைக்கிறோம் என்கிறார்களே, நிஜமாகவே ஏதாவது மிச்சமாகிறதா என்று கேட்டிருந்தாய். ஆகிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ராணுவச் செலவைக் குறைக்க வழி சொல்ல அரசு அமைத்த சேகட்கர் குழு 2016இல் அறிக்கை கொடுத்தபோது, அதன்படி நடந்தால் ஐந்து ஆண்டில் 25,000 கோடி வரை மிச்சமாகும் என்று பத்திரிகைகள் எழுதின, அடுத்த ஆண்டே 57,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றப்போவதாக அறிவிப்பும் வந்தது. அதில் எனக்கு முழு மனதோடு சரி என்று பட்டது ராணுவப் பால் பண்ணைகளை மூடியதுதான். அந்தப் பாலைப் பற்றி நீ எவ்வளவு பெருமையாகப் பேசுவாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 1889இல் அலகாபாத்தில் முதல் பண்ணை வந்தபோது படை தங்கியிருந்த இடங்களுக்கு நல்ல பால் கிடைக்க வேறு வழியில்லை. கூட்டுறவுப் பால் ஊருக்கு ஊர் வந்த பிறகும் 39 பண்ணைகளையும் ஏறக்குறைய 20,000 ஏக்கரையும் படை எதற்காகக் கட்டி மேய்க்க வேண்டும்? 2021 மார்ச்சில் மூடினார்கள், மாடுகளை அரசுத் துறைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் அரசுத் தொழிற்சாலைகள் விஷயம் அப்படி இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி அவற்றை நடத்திவந்த பழைய வாரியத்தைக் கலைத்துவிட்டு 41 தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். எங்கள் ஆவடியிலேயே பார், டாங்க் செய்யும் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஒரு கம்பெனி, அதற்குத் தலைமையகம் இங்கேயே. பக்கத்திலிருக்கும் சீருடைத் தொழிற்சாலைக்குத் தலைமையகம் கான்பூர். மாற்றம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் உள்ளே எப்படி ஓடியது என்று தெரியும். ராணுவம் இன்னது வேண்டும் என்று இண்டென்ட் போடும், அதைச் செய்யச் சொல்லித் தொழிற்சாலைக்குள் வாரண்ட் என்ற உத்தரவு வெளியாகும், பொருளுக்கு என்ன செலவானதோ அதையே விலையாக எழுதுவோம். வாங்குகிற ராணுவத்துக்கு வேறு கடை இல்லை, விற்கிற நமக்கு வேறு ஆள் இல்லை, அப்புறம் யார் விலையைக் குறைக்கப் போகிறார்கள்? 2000இலிருந்தே குழு மேல் குழு போட்டு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சீருடைப் பக்கம் நடந்ததைக் கவனி. 2017இல் ஜவானுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் உடைப்படி என்று வைத்து, நீயே வாங்கிக்கொள் என்றார்கள். அவன் கண்டோன்மென்ட் வாசலில் இருக்கும் கடையில் வாங்கிக்கொள்கிறான். இங்கே ஆர்டர் குறைகிறது, ஆனால் கட்டடம், கரண்ட், சம்பளம் எதுவும் குறைவதில்லை, அந்தச் செலவு முழுவதும் மிச்சமிருக்கும் கொஞ்சச் சட்டைகள் மேல் ஏறி உட்காருகிறது, சட்டை விலை கூடுகிறது, விலை கூடியதைக் காட்டி ஆர்டரை இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். ராணுவத்தின் கணக்கில் இதற்குப் பெயர் மிச்சம், தொழிற்சாலைக் கணக்கில் அதுவே நஷ்டம், இரண்டுமே அரசாங்கத்துப் பணம்தான்! கம்பெனிகள் தொடங்கும்போது பழைய இண்டென்ட்டுகளை 65,000 கோடிக்கு மேல் ஒப்பந்தமாக மாற்றிக் கொடுத்தார்கள், வெடிமருந்து, டாங்க் கம்பெனிகள் அதை வைத்து நிமிர்ந்து 2025இல் மினிரத்னா தகுதியும் (நன்றாக நடக்கும் அரசுக் கம்பெனிகளுக்குக் கொடுப்பது) வாங்கிவிட்டன. துணி தைக்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. திறமையில் குறைந்தவர்கள் இல்லை அவர்கள், அவர்களிடம் வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இது எனக்கு மனசு ஆறவே இல்லை.

பெரிய தொகை என்னவோ பென்ஷனில் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, அதில் பென்ஷன் மட்டும் 1.6 லட்சம் கோடி, புதுத் தளவாடங்கள் உட்பட மூலதனச் செலவுக்கு 1.8 லட்சம் கோடி. இரண்டும் கிட்டத்தட்ட சரிசமம். இதைப் பார்க்கிற எந்த நிதி அதிகாரியும் கவலைப்படத்தான் செய்வான், அதை நான் தப்பென்று சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் 2022இல் வந்ததற்கு இளமையான படை வேண்டும் என்று காரணம் சொன்னார்கள், ஆனால் இந்தக் கணக்கும் பின்னால் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் படையில் தங்கலாம், மற்றவர்களுக்கு 11.71 லட்சம் ரூபாய், அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தது. பென்ஷன் கிடையாது. நேற்றுச் சேர்ந்தவனுக்கு இல்லாத பென்ஷன், இன்றைய பட்ஜெட்டில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது, அந்த மிச்சம் தெரியவே பல வருடம் ஆகும். அந்தப் பையன்களோ 2026 கடைசியிலேயே வெளியே வரத் தொடங்குகிறார்கள். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்து, கையில் டிகிரி இல்லாமல் ஊருக்கு வருகிறவனுக்கு வேலை தேடித் தரும் செலவு எந்தத் துறையின் கணக்கில் எழுதப்படும்? அவன் அப்பா அம்மா கணக்கில்தான் ஏறும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ராணுவத்துக்கு ஆள் அனுப்பியே பழகிய உங்கள் பக்கத்து ஊர்களில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுது. இப்போதும் பையன்கள் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறார்களா?

இன்னொரு வேலையும் இருக்கிறது உனக்கு. ராணுவப் பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற இணையதளத்துக்கு மாறிவிட்டதில் வங்கிக் கவுண்டரையே நம்பியிருந்த வயதான அம்மாக்கள் பலர் திண்டாடுகிறார்கள். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், லைஃப் சர்டிபிகேட் தேதி தவறுவதற்குள் பொதுச் சேவை மையத்துக்குக் கூட்டிப் போ. ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது, ராணுவப் பதிவில் எப்படி இருக்கிறது என்பதை முதலில் ஒத்துப் பார்த்துவிடு, சிக்கல் அங்கேதான் வரும். புரியாத இடத்தில் எனக்கு போன் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் ஆவடி நண்பன்