மீல்மேக்கர், ஆளி விதை, பரு: மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. பரீட்சை முடிந்த மாதம் என்பதால் கிளினிக்கில் பாதிப் பேர் பரு கேஸ்தான். உன் அண்ணன் மகள் விஷயம் கேட்டிருந்தாயே. மீல்மேக்கர் சாப்பிட்டால் பரு போகும் என்கிறாள் அவள் அம்மா, அதனால்தான் வருகிறது என்கிறாள் பாட்டி. மீல்மேக்கர் சோயாதானே. அதிலுள்ள தாவர ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற தாவரப் பொருளை, இருவருமே கொஞ்சம் பெரிதாக நினைத்துவிட்டார்கள்.

சங்கதி எங்கே தொடங்குகிறது என்று உனக்குத் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளேயே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிறது, சுரப்பி பெருத்து எண்ணெய் கூடுகிறது. கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தைக் கூட்டி, சுற்றித் திரியும் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கிறது. பரு அடங்குவது அப்படித்தான். சோயாவிலும் ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆகவே அதுவும் இதையே செய்யும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது. சோயாவிலுள்ள அந்தப் பொருளான ஜெனிஸ்டீன், ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் இரண்டு வகை ஏற்பிகளில் பெரும்பாலும் பீட்டா ஏற்பியில்தான் ஒட்டுகிறது, அதன் வேலையும் நம் உடம்பின் சொந்த ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடையோலைவிடப் பல மடங்கு பலவீனம். சோயா கொடுத்துச் செய்த ஆய்வுகளில் எஸ்ஹெச்பிஜி நம்பும்படி உயரவே இல்லை.

தாவர ஈஸ்ட்ரோஜன் நிஜமாகவே ஆட்டிப்படைத்த கதை ஒன்று உண்டு. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் புல்லை மட்டுமே மேய்ந்த ஆடுகள் சினைபிடிக்காமல் போயின. அதிலுள்ள ஃபார்மோனோநெட்டின் என்ற தாவர ஈஸ்ட்ரோஜனை அசைபோடும் வயிறு ஈக்வால் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜன் மாதிரிப் பொருளாக மாற்றிவிட்டது. நாள் முழுக்க அதையே மேய்ந்த ஆட்டின் கணக்கை, வாரத்துக்கு இரண்டு நாள் மீல்மேக்கர் குருமா சாப்பிடும் பிள்ளைக்குப் போட முடியாது.

அளவைப் பார். காய்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் ஏறக்குறைய 30 முதல் 40 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன், அதாவது ஜெனிஸ்டீன் வகைத் தாவர ஈஸ்ட்ரோஜன். ஊறவைத்துப் பிழிந்து கொட்டும் தண்ணீரில் அதிலும் கொஞ்சம் போய்விடும். டோஃபு 100 கிராமுக்கு 20, 30 மில்லிகிராம். சோயா எண்ணெயிலும் சோயா சாஸிலும் சொல்லிக்கொள்ளும்படி ஏதுமில்லை. ஆல்கஹாலில் கழுவித் தயாரித்த புரதப் பொடியிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. 2015இல் இந்தோனேசியாவில் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் பெண்களுக்கு 12 வாரம் ஐசோஃபிளேவோன் கொடுத்தபோது டிஹெச்டியும் பருவும் குறைந்தன என்பது உண்மைதான். ஆனால் அங்கே கொடுத்தது தினம் 160 மில்லிகிராம். சாப்பாட்டில் அதை எட்ட வேண்டுமானால் தினமும் 100 கிராமுக்கு மேல் காய்ந்த மீல்மேக்கர் உள்ளே போக வேண்டும். யார் சாப்பிடுவார்கள்? இந்த ஒரு ஆய்வை நம்பி நான் யாருக்கும் மாத்திரை எழுதமாட்டேன்.

இன்னொரு சிக்கல் குடலில். சோயாவின் இன்னொரு ஐசோஃபிளேவோனான டைட்ஸீனை ஈக்வாலாக மாற்றுவது குடல் பாக்டீரியா. எலிகளில் ஈக்வால் டிஹெச்டியையே பிடித்துக்கொள்கிறது என்பதால் பருவுக்கு ஆர்வமூட்டும் பொருள்தான். ஆனால் மேற்கத்தியரில் நான்கில் ஒருவர், ஜப்பானியரில் ஏறக்குறைய பாதிப் பேர் உடலில்தான் அது உருவாகிறது. ஒரே சோயா பால் இருவருக்கு ஒரே மாதிரி வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆளி விதையும் எள்ளும் இதே கதைதான். அவற்றிலுள்ள தாவர ஈஸ்ட்ரோஜன்களான லிக்னன்களை, உடம்பில் வேலை செய்யும் என்டரோலாக்டோனாக மாற்றித் தருவதும் குடல் பாக்டீரியாவே.

இப்போது உன் அண்ணன் மகளுக்கு வா. டாக்ஸிசைக்ளின் 100 என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடுகிறாள், கூடவே ஆளி விதை ஸ்மூத்தி என்று எழுதியிருக்கிறாய். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் என்டரோலாக்டோன் பல மாதங்கள்வரை குறைந்திருப்பதை ஃபின்லாந்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதாவது லிக்னனை நம்பி அவள் குடிக்கிறாள், அதை மாற்றித் தரவேண்டிய கிருமியை மாத்திரை தீர்த்துக்கட்டுகிறது. மிஞ்சுவது நார்ச்சத்தும் ஒமேகா-3யும். அதுவும் நல்லதுதான், விடச் சொல்லாதே. ஆனால் ஒன்று முக்கியம்: கால்சியம் சேர்த்த சோயா பாலோடு அந்த மாத்திரையை விழுங்கினால் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சரியாக ஏறாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே விதி. நிறையத் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியாவது படுக்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

ஆளி விதையை முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே வரும். லேசாக வறுத்துப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் போனால் சிக்குவாடை அடிக்கும். ஒரு டீஸ்பூனில் தொடங்கி ஒரு டேபிள்ஸ்பூன்வரை, கூடவே வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் அதிகமாகக் குடிக்கவேண்டும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல்தான். ஆளி எண்ணெயில் லிக்னன் கிடையாது. எள்ளில் அப்படியில்லை. அதன் லிக்னனான செசமின் எண்ணெயில் கரைவதால் நல்லெண்ணெயிலும் இருக்கிறது. இட்லிக்கு எள்ளுப்பொடி போட்டுச் சாப்பிடுகிற வீட்டில் விலை கொடுத்து ஆளி விதை வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை.

புதினா டீ பற்றி: 2010இல் இங்கிலாந்தில் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 42 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், தினம் இரண்டு கப் ஸ்பியர்மின்ட் டீ குடித்தவர்களுக்கு 30 நாளில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. ஆனால் உடம்பில் வளரும் தேவையற்ற முடிக்கு மருத்துவர் போட்ட மதிப்பெண் மாறவில்லை. ரத்தத்தில் எண் இறங்குவது வேறு, தோலில் தெரிவது வேறு. நம் மார்க்கெட் புதினா பெரும்பாலும் அதே இனம், டீ பையில் வரும் பெப்பர்மின்ட் அல்ல. பத்துப் பன்னிரண்டு இலையை 200 மில்லி வெந்நீரில் போட்டு மூடி வைத்து பத்து நிமிடத்தில் வடிகட்டட்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு வேண்டாம்.

அதிமதுரம் என்றதும் கொஞ்சம் கோபம் வந்தது. நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கித் தினம் ஒரு ஸ்பூன் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்களாம். 2004இல் இத்தாலியில் ஒன்பது பெண்களிடம் அது டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தது உண்மை. ஆனால் அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோலை அடக்கும் நொதியையே தடுத்துவிடும். உப்பும் நீரும் தேங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் சோர்ந்துபோகும், இதயத் துடிப்பு தடுமாறும். பருவுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போடுகிறவர்களுக்கு, உப்பையும் நீரையும் வெளியேற்றும் அந்த மருந்தின் வேலையை இது நேர் எதிராக இழுக்கும். இருமலுக்கு இரண்டு நாள் மென்றால் பரவாயில்லை. பருவுக்கு என்று மாதக்கணக்கில் வேண்டவே வேண்டாம். இன்றைக்கே நிறுத்தச் சொல்.

வெந்தயத்தில் ஹார்மோன் இருக்கிறது என்பதும் அரைகுறைதான். அதிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றலாம், அமெரிக்க வேதியியலாளர் ரஸல் மார்க்கர் 1940களில் மெக்சிகோ கிழங்கிலிருந்து மாற்றினார், ஆனால் ஆய்வகத்தில். நம் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. வெந்தயத்தின் பயன் அதன் வழுவழுப்பில். சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை அது மெதுவாக்கும்.

என் கணிப்பில் பருவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள பெரிய வழி இந்த இன்சுலின் வழிதான். இன்சுலின் கூடினால் எஸ்ஹெச்பிஜி குறையும், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் வேலை கூடும், சுரப்பி பொங்கும். 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் பரு அதிகமாகக் குறைந்தது. பாலுக்கும், முக்கியமாகப் பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடிக்கும், பருவோடு தொடர்பு சொல்லப்படுகிறது. ஜிம்முக்குப் போகும் பையன் வே டப்பாவை விட்டுச் சோயாவுக்கு மாறி முகம் தெளிந்தால், பாராட்டு ஐசோஃபிளேவோனுக்குப் போகும். உண்மையில் வேலை செய்தது நிறுத்தின பொருளாகவே இருக்கலாம்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யட்டும், 12 வாரம். கிரீமை நடுவில் மாற்றக்கூடாது. அடாபலீன் என்ற பருக் கிரீம் தொடங்கிய முதல் சில வாரம் பரு கூடத்தான் செய்யும், அதைச் சோயா தலையில் போட்டுவிடுவார்கள். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, மாதவிடாயின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும், தீட்டுக்கு முந்தைய வாரம் பலருக்கும் கூடும். வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை போட்டால் சோயாவுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. அவளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறதா, தாடையில் முடி வளர்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பார். ஆமென்றால் சாப்பாட்டுப் பேச்சை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல். முடிவை எனக்கு அனுப்பு, ஸ்மூத்தியில் என்ன புரதப் பொடி போடுகிறாள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
கல்யாணி