ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு: மருமகனுக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மருமகனே,

ஸ்தோத்திரம். வாலிபர் முகாமில் நீ பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசியது அத்தனை பிள்ளைகள் முன்னால். அதனால் என் பதிலும் அவர்கள் கண்ணில் படட்டும் என்று இப்படி எழுதுகிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"பூமிக்கு வயது ஆறாயிரம். கோடிக்கணக்கான வருஷம் என்கிறவன் ஆதியாகமத்தைப் பொய்யாக்குகிறான். ஆதியாகமம் பொய்யானால் சிலுவையும் பொய்" என்றாய். பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நிலவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், நம் பாடகர் குழுவில் பாடுகிறவள். அதற்கு முந்தின வாரம்தான் கல்லூரியில் அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போயிருந்தார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒரு கல்லைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் கொண்டுவந்திருந்தாள். அதை வெளியே எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரமாகப் பாட வரவில்லை.

அந்தக் கல்லை அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அளவு இருக்கும். ஆட்டுக்கடாவின் கொம்பு சுருண்ட மாதிரி சுருண்டிருக்கிறது. விரலை ஓட்டினால் வரி வரியாக மேடு தட்டுப்படுகிறது. அம்மோனைட் என்று பெயர். கடலில் வாழ்ந்து, பூண்டோடு அழிந்துபோன உயிர். இப்போது கடல் வாசனையே இல்லாத காரைக் கிராமத்துக் களிமண் ஓடைகளில் கிடக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் அங்கே கடல் இருந்தது.

நோவா காலத்து வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்பாய். சரி, அதே வட்டாரத்தில் கல்லக்குடிச் சுண்ணாம்புச் சுரங்கத்தையும் யோசித்துப் பார். அங்கே வெட்டியெடுப்பது பவளப்பாறைச் சுண்ணாம்பு. பவளம் தெளிந்த, ஆழமில்லாத நீரில், வெயில் பட்டு, இம்மி இம்மியாக வளர்வது. மலைகளை மூடிய சேற்று வெள்ளத்தில் ஒரே வருஷத்தில் பவளப்பாறை எழும்பாது. அது எழும்பி முடிந்த பிறகுதான் அதன்மேல் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அந்தப் பெண் இதைத்தான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால்தான் விசுவாசி என்று நாம் அவளிடம் கேட்கலாமா? பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதும் பத்துக் கட்டளைகளில் ஒன்றுதானே.

அடுத்து, அந்த ஆறாயிரம். வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தேடு, பூமியின் வயது இத்தனை என்று ஒரு வசனம் கிடைக்காது. அது மனிதர் போட்ட கூட்டல் கணக்கு. அயர்லாந்தில் அர்மாக் பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட நூலில், படைப்பு கி.மு. 4004 அக்டோபரில் நடந்தது என்று கணித்தார். அவரைக் குறைத்துப் பேச மாட்டேன். பாபிலோன், பாரசீகம், கிரேக்கம் என்று கிடைத்த வரலாற்றையெல்லாம் கரைத்துக் குடித்தவர். ஆனால் 1701 முதல் அவருடைய ஆண்டுகளை ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் இருந்தது நாளடைவில் வசனம்போலவே ஆகிவிட்டது.

அந்தக் கூட்டலுக்கு ஆதாரம் வம்ச வரலாறுகள். மத்தேயு முதல் அதிகாரத்தை எடுத்துப் பார். "யோராம் உசியாவைப் பெற்றான்" என்று இருக்கிறது. 1 நாளாகமம் மூன்றாம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். யோராமுக்கும் உசியாவுக்கும் (அங்கே அவன் பெயர் அசரியா) நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள். மத்தேயுவுக்கு அது தெரியாதா? பதினான்கு பதினான்கு தலைமுறையாக அடுக்கி, இயேசு தாவீதின் குமாரன் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். 'பெற்றான்' என்ற சொல் கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்பாற்பட்டவருக்கும் பொருந்தும். வம்ச வரலாற்றைக் கூட்டி உலகத்தின் வயதைக் கணிக்க முடியாது என்று 1890-இலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் பள்ளிப் பேராசிரியர் வில்லியம் ஹென்றி கிரீன் எழுதிவிட்டார். வேதத்தில் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்காத பழமைப் பிடிப்புள்ள பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர் அவர்.

ஆதியாகமம் 5-இல் வயதோடு சொல்லியிருக்கிறதே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. சேத்தைப் பெற்றபோது ஆதாமுக்கு எபிரெய மூலத்தில் 130 வயது. ஆதித் திருச்சபை வாசித்த கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் 230. இப்படிப் பல தலைமுறைக்கும் நூறு நூறாகக் கூடுகிறது. அதனால்தான் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் படைப்பை கி.மு. 5500-ஐ ஒட்டி வைத்தார்கள். நீ எந்தத் தொகையை நம்பாதவனை அவிசுவாசி என்பாய்?

'நாள்' என்ற சொல்லையும் சற்று நின்று வாசி. சாயங்காலமும் விடியற்காலமுமாக மூன்று நாள் கழிந்த பிறகுதான் சூரியன் வருகிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஆதித் திருச்சபையின் வேத அறிஞர் ஓரிகன் இதைக் கேட்டார். பின்னர் திருச்சபைப் பிதா அகஸ்டின் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில், இவை நாம் அறிந்த நாட்கள் அல்ல என்று எண்ணினார். வானத்தையும் பூமியையும் பற்றி ஓரளவு தெரிந்த ஒரு அவிசுவாசியின் முன்னால், வேதத்தின் பெயரால் தப்பும் தவறுமாகப் பேசாதீர்கள் என்று எச்சரித்தவரும் அவர்தான். அப்போது டார்வின் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. ஏழாம் நாளுக்கு மட்டும் சாயங்காலமும் விடியற்காலமும் சொல்லப்படவில்லை. அதை எத்தனை முறை வாசித்திருக்கிறோம், கவனித்தோமா?

பூமி பழையது என்று சொன்னவர்கள் கடவுளை விரட்ட வந்தவர்கள் என்றும் சொன்னாய். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. கேம்பிரிட்ஜில் நிலவியல் கற்பித்த ஆடம் செட்ஜ்விக் குருப்பட்டம் பெற்றவர். சரளைப் படிவுகளெல்லாம் நோவா வெள்ளத்தின் தடம் என்று முதலில் நம்பினார். களத்தில் போய்ப் பார்த்தபின், 1831-இல் நிலவியல் சங்கத்தின் தலைவராக நின்று, அது தவறு என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். டார்வினின் பரிணாம நூல் வந்ததே அதற்குப் பின், 1859-இல்தான். அமெரிக்காவில் 1925-இல் பரிணாமப் பாடத்துக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, ஆறு நாளும் 24 மணி நேர நாட்கள் என்று சொல்லவில்லை. நீ முகாமில் பேசியது பெரும்பாலும் 1961-க்குப் பிறகு, விட்கோம், மாரிஸ் என்ற இரண்டு அமெரிக்கர்களின் நூலால் பரவியது. அதை அப்போஸ்தலர் காலத்து உபதேசம்போல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே.

ஆனால் நீ சொன்னதில் ஒன்று என்னையும் தூங்கவிடவில்லை. ஆதாமுக்கு முன்னே மரணம் இருந்ததென்றால், பாவத்தினாலே மரணம் வந்தது என்று பவுல் எழுதியது என்ன ஆகும்? இதை லேசாகத் தள்ள மாட்டேன். ரோமர் 5:12-ஐப் பல நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். எல்லா மனுஷரும் பாவம் செய்தபடியால் மரணம் எல்லாருக்கும் வந்தது என்கிறார். அங்கே பேச்சு மனுஷரைப் பற்றி. அம்மோனைட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. படைப்பைப் போற்றும் 104-ஆம் சங்கீதத்தில் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன. சங்கீதக்காரன் அதைச் சாபமாகப் பாடவில்லை, துதியாகப் பாடுகிறான். இதனால் என் மனசு முழுக்க ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். இத்தனை கோடி ஆண்டு உயிர்கள் வலியோடு செத்திருக்கின்றன என்பது பாரமான விஷயம். அந்தப் பாரத்தோடுதான் ஜெபிக்கிறேன். கல்லின் வயதைக் குறைத்து எழுதினால் அந்தப் பாரம் இறங்கிவிடாது.

இதையெல்லாம் சொல்ல எனக்கும் தகுதி குறைவுதான். பள்ளியில் வார நாளெல்லாம் புவியியல் எடுத்தேன். 1956-இல் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி ஆண்டு என்று கண்டதைக் கரும்பலகையில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அதே கையால் கி.மு. 4004 என்று எழுதினேன். ஒரு பையன் எழுந்து, "சார், எது சரி?" என்று கேட்டான். "உட்காருடா, ஆண்டவரைச் சோதிக்காதே" என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்தான். இன்று அவன் கோயில் பக்கம் வருவதில்லை. அதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் கேட்டது என்னிடம்தான்.

யோபுவிடம் ஆண்டவர் கேட்டதை நீ முகாமில் முழங்கினாய்: "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" அந்தக் கேள்வி விஞ்ஞானிக்கு மட்டும் இல்லை, உனக்கும் எனக்கும் அஷருக்கும் சேர்த்துத்தான்.

சின்ன வயசில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் உன்னைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? படியேற முடியாமல் கடைசியில் என் தோளில் வந்தாய். தோமா இரத்தசாட்சியாக மரித்தார் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் மலை. அதன் கல்லைப் புதிதாக உடைத்தால் கருநீலமாக, எண்ணெய் தடவினதுபோல மினுங்கும். சார்னக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்டிருப்பதும் இதே வகைக் கல். அதனால்தான் 1893-இல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இதற்கு அவர் பெயரை வைத்தார். நீ என் தோளில் ஏறிப்போன அந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதன்மேல் இருக்கிற கோயிலில்தான் நாம் முழங்கால் போட்டு ஜெபித்தோம். கல்லின் வயது எனக்கு அப்போதே தெரியும். ஜெபம் தடைப்படவில்லை. "உமது பார்வைக்கு ஆயிரம் வருஷம் நேற்றுக்கழிந்த நாள்போலவும் இராச்சாமம்போலவும் இருக்கிறது" என்ற மோசேயின் வரி அங்கே நெஞ்சில் இறங்கினதுபோல வேறெங்கும் இறங்கியதில்லை.

தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவை ஆண்டவர் கூட்டத்தைவிட்டு வெளியே அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்து வந்து, கையை நீட்டு என்றார்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பேன். இரண்டு பேரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வருவோம். அங்கே பிரசங்கம் எதுவும் வேண்டாம். அந்தக் கல்லை எடுத்துவரச் சொல்லி, கையில் வாங்கிப் பார்.

அன்புடன்,
மாமா