திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தால் அது உண்மையாக இருக்கட்டும்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயற்குழு உறுப்பினர்களுக்கும், அவற்றின் மின்னாவண வேலைகளைச் செய்துவரும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

பழைய நாடக அழைப்பிதழ்கள், பட்டிமன்ற ஒலிநாடாக்கள், பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் என்று வீடு வீடாகத் திரட்டி மின்வடிவில் சேர்த்து வருகிறீர்கள். 2015இல் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பு வந்தபோது பிறந்த உற்சாகம் இன்னும் குறையவில்லை என்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. அந்த உழைப்பெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்: செயலிக்குள் இருக்கும் தரவுத்தளக் கோப்பு.

நான் பார்த்த செயலிகள் எல்லாமே எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளைத்தான் பயன்படுத்துகின்றன. நல்ல தேர்வு. தனிச் சர்வர் வேண்டாம், உரிமக் கட்டணம் கிடையாது, மொத்தத் தரவும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட மென்பொருள் இது. 2050 வரை பராமரிப்போம் என்று அதன் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் நீண்டகாலப் பாதுகாப்புக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கும் தரவு வடிவங்களில் இதைச் சேர்த்திருக்கிறது. எனவே என் கவலை கருவியைப் பற்றியது அல்ல. அதில் நாம் மாற்றி வைக்கும் ஓரிரு வரிகளைப் பற்றியது.

முதலாவது, ‘சிங்க்ரோனஸ்’ (synchronous) என்ற அமைப்பு. ஒரு பதிவை எழுதியதும் அது உண்மையிலேயே வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இயங்குதளத்திடம் எவ்வளவு கறாராகக் கேட்க வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. ஆஃப், நார்மல், ஃபுல், எக்ஸ்ட்ரா என்று நான்கு நிலைகள்; இந்த வரிசையில் கறார் கூடிக்கொண்டே போகும். ஆஃப் என்று வைத்தால் எஸ்கியூலைட் கேட்கவே கேட்காது. தரவை இயங்குதளத்தின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். செயலி மட்டும் இடையில் நின்றுபோனால் பாதகமில்லை. மின்சாரம் போனாலோ கணினியே முடங்கினாலோ கடைசிப் பதிவுகள் மட்டுமல்ல, மொத்தக் கோப்பும் சிதைந்துபோகக்கூடும். சமூக மன்ற அரங்கில் நிகழ்ச்சி முடிந்ததும் யாரோ அவசரத்தில் பிளக்கைப் பிடுங்குவது நாம் எல்லாரும் பார்த்ததுதான். பேட்டரி பழசான மடிக்கணினிக்கு அது ஒன்றே போதும்.

இணையத்தில் கிடைக்கும் ‘வேகமாக்கும் குறிப்புகள்’ பலவற்றில் ஆஃப் என்பது முதல் வரியிலேயே இருக்கும். படங்களை ஏற்றும்போது ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டே போகிறது என்பதால் நம் தொண்டூழியர்களும் அதைப் போட்டுவிடுகிறார்கள். எரிச்சல் புரிகிறது. ஆனால் மந்தத்துக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் தனித்தனிப் பரிவர்த்தனையாக (முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காத ஓர் எழுத்து வேலையாக) எழுதினால், ஒவ்வொன்றுக்கும் வட்டு எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் பழைய வன்தட்டில் நொடிக்கு ஏறத்தாழ 60 பரிவர்த்தனைதான் முடியும். அதே வன்தட்டில் பல நூறு வரிகளை ஒரே பரிவர்த்தனைக்குள் போட்டு ஒருமுறை கமிட் செய்தால் (முடித்து உறுதிப்படுத்தினால்), நொடிக்கு ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். ஆக, தொடக்கத்தில் ஒரு பிகின் (BEGIN) கட்டளை, முடிவில் ஒரு கமிட் (COMMIT) கட்டளை. பாதுகாப்பையும் இழக்க வேண்டாம், வேகமும் கிடைக்கும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. சிங்க்ரோனஸ் அமைப்பு கோப்புக்குள் பதிவாகாது. இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். சேகரிக்கும் செயலியில் ஃபுல் என்று வைத்துவிட்டு, படங்களை மொத்தமாக ஏற்றும் தனி நிரலில் ஆஃப் என்று விட்டால், அந்த நிரல் ஓடும் நேரத்தில் காவல் இல்லை.

இனி எஸ்கியூலைட்டின் ‘வால்’ (WAL, Write-Ahead Logging) என்ற எழுதும் முறைக்கு வருகிறேன். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்தது. புதிய பதிவுகளை முதலில் பக்கத்துக் கோப்பு ஒன்றில் எழுதிவைத்து, அப்புறம் மூலக் கோப்புக்கு மாற்றும். ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். இந்த முறையில் நார்மல் என்று வைத்தால் கோப்பு சிதையாது, ஆனால் மின்சாரம் போனால் கடைசியாகச் சேர்த்த சில பதிவுகள் காணாமல் போகலாம். தேடல் பக்கத்தின் பார்வைக் கணக்குக்கு இது போதும். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் நம் எதிரே உட்கார்ந்து, படத்தில் இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்கிறாரே, அதற்குப் போதாது. அவரிடம் இரண்டாம் முறை கேட்க வாய்ப்பு கிடைக்காமலே போகலாம். மேசையில் உட்கார்ந்து தகவல் பதியும் செயலிக்கு ஃபுல்தான் சரி. மனிதர் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு அந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது.

வால் முறையில் செயலி திறந்திருக்கும்போது கோப்புறையைப் பாருங்கள். மூன்று கோப்புகள் தெரியும்: மூலக் கோப்பு, அதே பெயரோடு ‘வால்’ (-wal) என்று முடியும் ஒன்று, ‘எஸ்ஹெச்எம்’ (-shm) என்று முடியும் ஒன்று. அன்று மாலை சேர்த்ததில் பெரும்பகுதி அந்த இரண்டாவது கோப்பில்தான் இருக்கக்கூடும். இயல்பான அமைப்பில் அது சுமார் 1,000 பக்கங்களை (பக்கம் என்பது தரவுத்தளம் தரவைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு) தொட்ட பிறகே மூலக் கோப்புக்கு மாற்றும் வேலை தொடங்கும். ஓர் அமைப்பில், விழா முடிந்த இரவு, செயலியை மூடாமலே மூலக் கோப்பை மட்டும் தம்ப் டிரைவில் நகலெடுத்தார்கள். மடிக்கணினி இரவல் வாங்கியது என்பதால் எல்லாவற்றையும் அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நகல் ஒழுங்காகத் திறந்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அன்றைய நேர்காணல் குறிப்புகள் மட்டும் அதில் இல்லை. ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, பேசியவர் யார் என்ற விவரம் இல்லை.

ஆகவே கோப்பை இழுத்துப் போட்டு நகலெடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘வேக்யூம் இன்டு’ (VACUUM INTO) என்ற கட்டளை 2019 முதல் இருக்கிறது. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான, ஒரே நேரத்துக்குரிய நகலைத் தனிக் கோப்பாக எடுத்துத் தரும். எடுத்தபின் தம்ப் டிரைவை முறைப்படி எஜெக்ட் செய்த பிறகே கழற்றுங்கள். வால் முறைக் கோப்பைப் பல கணினிகள் பகிரும் பிணைய வட்டில் வைக்காதீர்கள். அங்கே அது சரியாக இயங்காது.

படங்களையும் ஒலியையும் எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள். சிறுபடங்களைத் தரவுத்தளத்திலேயே வைக்கலாம். 100 கிலோபைட்டுக்குக் குறைந்தவை தனிக் கோப்பாக இருப்பதைவிட உள்ளே இருந்தால் பெரும்பாலும் வேகமாகவே படிக்கப்படும். நீளமான காணொளிகள் வெளியே இருக்கட்டும். அட்டவணையின் ஒரு கலத்துக்குள் வைக்கக்கூடிய தரவுக்கான இயல்பான உச்சவரம்பு 100 கோடி பைட்தான். வெளியே வைத்தால் வரிசை முக்கியம்: முதலில் கோப்பு முழுமையாக வட்டில் இறங்கட்டும், அதற்குப் பின்னரே தரவுத்தளத்தில் அதன் வரி. மாற்றிச் செய்தால் இல்லாத கோப்பைக் காட்டும் பதிவுகள் மிஞ்சும்.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு கட்டாகக் கட்டி வைக்க எஸ்கியூலைட்டின் சொந்தக் காப்பக வடிவம் இருக்கிறது. பெயர், அனுமதி, மாற்றிய நேரம், மூல அளவு, உள்ளடக்கம் என ஐந்தே பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை, அவ்வளவுதான். அதன் அருகிலேயே இன்னோர் அட்டவணையில் பேசியவர் பெயர், இடம், ஆண்டு எல்லாம் வைக்கலாம். படமும் அதன் விவரமும் பிரிந்துபோகாது. ஸிப்பில் இந்த வசதி இல்லை என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்துவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன் ஒரு செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் செயலியைத் திறக்கும் ஒவ்வொரு நிரலும் சிங்க்ரோனஸை என்னவாக வைக்கிறது என்று எழுதி வாங்குங்கள். கடைசியாக எடுத்த காப்புநகலை வேறொரு கணினியில் திறந்து, கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் ‘இன்டெக்ரிட்டி செக்’ (integrity_check) கட்டளையை ஓடவிடுங்கள். ‘ஓகே’ என்று வந்தாலும் அதோடு நிறுத்தாமல், கடைசி நிகழ்ச்சியில் பதிந்த கடைசிப் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பழைய மடிக்கணினியை யாரும் தொடுவதற்கு முன் எனக்கோ, இந்த வேலை தெரிந்த வேறொருவருக்கோ சொல்லியனுப்புங்கள். வால் கோப்பு அழியாமல் இருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

அன்புடன்,
சக தொண்டூழியர் ஒருவர்
சிங்கப்பூர்