டிஸ்டர்ப் அவ்வளவு சின்னச் சொல்லு இல்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில பிள்ளையளுக்கு வாற இங்கிலீஷ் பக்கத்தை நான் ஒவ்வொரு கிழமையும் வெட்டி ரியூசன் பிள்ளையளுக்குக் குடுக்கிறனான், நல்ல வேலை, குறை சொல்ல இல்லை. ஆனா போன கிழமை ‘டிஸ்டர்ப்’ எண்ட சொல்லுக்கு நேர ‘தொந்தரவு செய்தல்’ எண்டு போட்டு, ‘அப்பா நித்திரை, டிஸ்டர்ப் பண்ணாதே’ எண்டு ஒரு உதாரணமும் போட்டு அதோட விட்டிட்டியள். அது பிழை இல்லை, ஆனா காணாது. வன்னியில இப்ப இந்தச் சொல்லு தெரியாத ஆக்கள் ஆர், பென்சன் எடுத்த அம்மம்மாவும் போன் எடுத்தா ‘டிஸ்டர்ப் பண்ணிப்போட்டனோ பிள்ளை’ எண்டுதானே துவங்கிறா. எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு எண்டபடியாத்தான் அதின்ர பழைய கதையையும் ஒருக்கா சொல்லியிருக்கலாம் எண்டுறன்.

இதுக்கு வேர் லத்தீனில இருக்கு. ‘டர்பா’ எண்டா சனக்கூட்டம், அமளி, குழப்பம். அதில இருந்து வந்த ‘டிஸ்டர்பாரே’ எண்ட வினைக்கு, ஒழுங்காக் கிடந்ததை அடிச்சுக் குழப்பிறது எண்டு ஒரு கருத்து, கட்டி நிக்கிறதை இடிச்சு விழுத்திறது எண்டு இன்னொரு கருத்து. கி.மு. 44ல ரோமில பேர்போன பேச்சாளர் சிசரோ, செனட் எண்ட ஆளுற சபையின்ர கூட்டத்துக்கு வரேல்லை எண்டு கோவப்பட்டு, வேலையாக்களை விட்டு உன்ர வீட்டை இடிப்பன் எண்டு அப்ப அதிகாரத்தில இருந்த அன்ரனி மிரட்டினவர், அதைச் சிசரோ பிறகு செனட்டில எடுத்துச் சொல்லேக்க பாவிக்கிற வினை இந்த டிஸ்டர்பாரேதான். வீடு இடிக்கிறதுக்குப் பாவிச்ச சொல்லு ஐயா, இப்ப மிஸ் கோல் குடுத்ததுக்கு சொறி சொல்லப் பாவிக்கிறம்.

ஆர்க்கிமிடீஸின்ர கதையையும் இதோட சேத்துச் சொன்னா பிள்ளையள் மறக்க மாட்டினம். கி.மு. 212ல ரோமப் படை சைரகூஸ் நகரத்தைப் பிடிச்ச நேரம் அந்த மனுசன் நிலத்தில புழுதியில கோடு கீறிக்கொண்டு இருந்தவராம். வாளோட வந்து நிண்ட படைக்காரன் நீ ஆர் எண்டு கேக்க, பேரைச் சொல்லாமல் ரெண்டு கையாலயும் புழுதியை மறைச்சுக்கொண்டு தயவுசெய்து இதைக் குழப்பாதை எண்டாராம், வெட்டிப்போட்டான். இதை எழுதி வைச்ச ரோம எழுத்தாளர் வலேரியஸ் மாக்சிமஸ் அந்த வசனத்தில போட்டதும் டிஸ்டர்பாரே எண்டுதான். எங்கட பக்கத்தில இந்தக் கதைக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

1066ல நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு பிரெஞ்சுச் சொல்லுகள் இங்கிலீஷுக்குள்ள கூட்டங்கூட்டமா வந்தது, அதில டிஸ்டர்ப்பும் ஒண்டு. ‘ட்ரபிள்’ எண்ட சொல்லும் அதே வேரில இருந்து பிரெஞ்சு வழியாத்தான் வந்தது. குழாய்த் தண்ணி செக் பண்ணுற ஆக்கள் ‘டர்பிடிட்டி’ எண்டு அளக்கிறதும் இந்தக் குடும்பந்தான், இரணைமடுவில கதவு திறந்தா வாய்க்காலில வாற செந்தண்ணியை நாங்கள் கலங்கல் எண்டுறம் எல்லோ, அது. தண்ணிக்கும் கலங்கிறது மனசுக்கும் கலங்கிறது எண்டு தமிழில இருக்கிற மாதிரியே லத்தீனிலயும் ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தான். ‘டர்பைன்’ எண்ட பேர் 1822ல குளோட் பர்டின் எண்ட பிரெஞ்சு இஞ்சினியர் வைச்சது, சுழலுறது, பம்பரம் எண்ட லத்தீன் சொல்லில இருந்து, அதுவும் இதுக்குச் சொந்தந்தான். மன்னாரில தம்பபவனி எண்ட காத்தாலை மின் நிலையத்தில 30 டர்பைன் 2020 டிசம்பரில இருந்து சுத்துது, அந்தச் சனம் டர்பைனால டிஸ்டர்ப் எண்டு முறைப்பட்டா ஒரே வேரை ரெண்டு தரம் சொன்ன மாதிரி.

இவ்வளவும் ஏன் எழுதிறன் எண்டா, பாரமான சொல்லு தேஞ்சு லேசாப் போறதில ஒரு வில்லங்கம் இருக்கு. வட அயர்லாந்தில 1960களின்ர கடைசியில துவங்கி 1998 உடன்படிக்கை வரைக்கும் 3,500 பேருக்கு மேல செத்த சண்டைக்கு இங்கிலீஷில சொல்லுற பேர் ‘ட்ரபிள்ஸ்’. 1977ல தமிழருக்கு எதிரா நடந்த வன்முறையில மலையகத்தில வீடு வாசல் எரிஞ்சு, உடுத்த உடுப்போட வவுனியா கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின குடும்பங்கள் இண்டைக்கும் எங்கட ஊரில இருக்கு, அந்த அழிவை இங்கிலீஷில எழுதினவை கனபேர் ‘டிஸ்டர்பன்சஸ்’ எண்டு போட்டிட்டுப் போயிட்டினம். நாங்களும் திறம் இல்லை, அவ்வளவு பெரிய யுத்தத்தை ‘பிரச்சினை நேரம்’ எண்டுதானே சொல்லுறம். அனுபவிச்ச சனம் அப்பிடிச் சொன்னா அது வேற, வாய் வராமல் சொல்லுறது. எழுதிறவன் சொல்லக்கூடாது.

அதாலதான் உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில ஓடுற பஸ்ஸில பின்னேரம் கிளாஸ் முடிஞ்சு வாற பெட்டையளுக்கு நடக்கிறது எங்களுக்குத் தெரியும், சனம் நெரியேக்க பின்னால வந்து ஒட்டிக்கொண்டு நிக்கிறது, கை போடுறது, பிள்ளை சீற்றை விட்டு எழும்பி டிரைவருக்குக் கிட்டப் போய் நிக்கும். பிள்ளையள் வெக்கத்தில ‘ஒராள் டிஸ்டர்ப் பண்ணினவர் ரீச்சர்’ எண்டுதான் வந்து சொல்லுதுகள். அதைச் செய்தியாப் போடேக்க நீங்களும் ‘மாணவிக்குத் தொந்தரவு’, ‘இளைஞர் சேட்டை’ எண்டு தலைப்புப் போடாதேங்கோ. தண்டனைச் சட்டக்கோவையில 345ம் பிரிவு, 1995ம் ஆண்டு 22ம் இலக்கத் திருத்தத்தோட அது பாலியல் தொல்லை, ஐஞ்சு வருசம் வரைக்கும் மறியல் குடுக்கலாம். தலைப்பில அந்தப் பேரையே போடுங்கோ, கீழ ஒரு வரியில பிரிவு நம்பரையும் போடுங்கோ, அதையும் நான் வெட்டிக் குடுப்பன்.

இப்படிக்கு,
ரியூசன் ரீச்சர் ஒருத்தி,
விசுவமடு