வலது குழலின் பளபளப்பு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு இந்த முறை உண்மையான சாக்கு இருக்கிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். நடுவில் கொஞ்ச நாள் மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியின் கோடுகள் எனக்கு எறும்பு வரிசையாகத்தான் தெரிந்தன. இப்போது மறுபடி கோடுகளாகிவிட்டன. வீட்டில் எல்லோரும் நலம். மகள், "அப்பா, கண் சரியானதும் முதலில் எங்கள் முகத்தைப் பார்ப்பீர்களா, அந்தத் துப்பாக்கிக் குழலைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

உன் பெரியப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி உன் கைக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். குழல் முழுக்கப் பாம்புத் தோல் மாதிரி வரி ஓடுகிறது, உள்ளே பார்த்தால் கொஞ்சம் கருப்பு, சுடலாமா, விற்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் போன வருடம் நான் ஏமாந்த கதையைக் கேள். உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன், வெட்கம்தான்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்த 12 போர் துப்பாக்கி ('போர்' என்பது குழல் துளையின் அளவு). வெளியே குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தி, கிடையாது. ஆன்சன், டீலி இருவரும் 1875-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, பூட்டு என்கிற சுடும் பொறி எல்லாம் உள்ளே அடங்கியிருக்கும். கட்டை நல்ல வால்நட், உலோகத்தில் கொடி கொடியாகச் சித்திர வேலை. வியாபாரி குழல்களைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்து, "பாருங்க சார், கண்ணாடி" என்றார். பார்த்தேன், கண்ணாடியேதான். இரண்டில் வலது குழல் இன்னும் பளிச்சென்று இருந்தது. தூக்கினால் இறகு போல இருந்தது. முப்பது வருடமாகப் பழைய துப்பாக்கி பார்ப்பவன், பையில் அளவுக் கருவி வைத்திருப்பவன், அதை வெளியே எடுக்காமலே பணத்தை நீட்டிவிட்டேன். காதல் என்று வைத்துக்கொள்ளேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் நிதானமாக அளந்தேன். முதலில் வாய்ப்பக்கம். உனக்குத் தெரியும், பக்கம் பக்கமாகக் குழல் வைத்த துப்பாக்கியில் சாதாரணமாக வலது குழல் ரவையை, அதாவது தோட்டாவில் உள்ள சிறு குண்டுகளை, கொஞ்சம் அகலமாக விடும், இடது குழல் நெருக்கிப் பிடிக்கும். முன் விசை வலது குழலுக்கு, அருகில் எழும் பறவைக்கு; பின் விசை இடது குழலுக்கு, தப்பித் தூரம் போனதற்கு. குழல் வாய்ப்பக்கம் குறுகுவதால் வரும் இந்த நெருக்கத்தைத்தான் சோக் என்கிறோம். குழலின் நடு அகலத்திலிருந்து வாய் அகலத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் சோக். வாயை மட்டும் அளந்து சோக் சொல்பவர்களை நம்பாதே. கழிப்பதற்கு இரண்டு எண் வேண்டும்.

ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்குப் பட்டறைப் பாஷையில் 'தௌ' என்று பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன். இடது குழலில் நடு அகலம் 0.722, வாய் 0.702. ஆக 20 தௌ, அரைச் சோக். சரி. வலது குழலில் நடு அகலம் 0.738, வாய் 0.717. இதுவும் 21 தௌ, அரைச் சோக்! இரண்டும் ஒன்றுபோல இருந்தால் இரண்டு விசை எதற்கு? யாராவது அப்படியே கேட்டுச் செய்திருக்கலாம்தான். ஆனால் ஒரே பட்டறையில், ஒரே நாளில் துளைத்த ஜோடிக் குழல்களில் ஒன்று 0.722, மற்றது 0.738 என்றால் இடிக்கிறதல்லவா? கருவியில் கோளாறு என்று நினைத்து அளவு வளையத்தில் சரிபார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் குழலைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரைகளைப் பார்த்தேன். இரண்டிலும் 13-இன் கீழ் 1 என்று பொறித்திருந்தது. 12 போர் துப்பாக்கியில் 13 எங்கிருந்து வந்தது என்று புதியவர்கள் குழம்புவார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டையாக்கினால் ஒரு உருண்டையின் குறுக்களவு 0.729 அங்குலம். அதுதான் 12 போர். 16 உருண்டையாக்கினால் 0.662, 20 என்றால் 0.615. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். குழல்களை வெடித்துப் பார்த்து முத்திரையிடும் சோதனைச் சாலையில் அந்தக் காலத்தில் குழலுக்குள் அளவு உருளைகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார்கள். 13/1 என்றால் 0.719 உருளை நுழைந்தது, அடுத்ததான 0.729 நுழையவில்லை என்று பொருள். தோட்டா என்னவோ 12 போர்தான். துளை மட்டும் ஒரு சுற்று சிறிது. இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் இது சாதாரணம்.

இப்போது கணக்குப் போடு. சோதனைச் சாலையை விட்டு வெளியே வந்த அன்று வலது குழல் 0.729-ஐத் தாண்டியிருக்கவில்லை. இன்று 0.738. இரும்பு தானாக அகலாது. யாரோ உள்ளே தேய்த்திருக்கிறார்கள். துரு தின்ற குழிகள் இருந்திருக்கும்; அவற்றை மறைக்கச் சுற்றிலும் இருந்த நல்ல இரும்பை அந்தக் குழியின் ஆழத்துக்கு இறக்கிவிட்டார்கள். வாய்க்குச் சற்று முன்னால் நிறுத்தியதால் வாய் பழைய அளவிலேயே நின்றது. 5 தௌ இருந்த சோக் கணக்கில் 21 ஆனது அப்படித்தான். நான் மயங்கிய கண்ணாடி அந்தத் தேய்ப்பின் வேலை.

வலது குழலுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? முதல் சூடு எப்போதும் அதில்தான். இரண்டாவது தேவைப்படாத நாட்களும் உண்டே. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து எரிந்து விடுகிற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அன்று மாலையே துடைக்காவிட்டால் காலையில் துரு. நூறு வருடத்தில் எத்தனை சோம்பேறி மாலைகள் என்று எண்ணிக்கொள்.

கடைசியாகச் சுவரின் கனம். நீண்ட கவை மாதிரி ஒரு கருவி. ஒரு கை குழலுக்குள் போகும், மறு கையில் டயல். குழலை மெதுவாக உருட்டிக்கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் துளை நட்டநடுவில் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு பக்கம் கனமாகவும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும். முள் 29, 27, 24 என்று இறங்கியது. இன்னும் கால் சுற்று உருட்டினேன், 17-இல் நின்றது. பதினேழு தௌ, ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. 20 தௌ என்பது சட்டம் ஒன்றும் அல்ல, இந்த உலகத்தில் பலரும் வைத்திருக்கும் ஒரு கோடு. அதற்குக் கீழே போனால் எனக்கு அந்தக் குழலைச் சுற்றி இடது கையை வைக்க மனம் வராது. வெளியேயும் கொஞ்சம் ராவியிருக்கிறார்கள், சித்திர வேலையின் ஓரங்கள் மழுங்கியிருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

எடையும் அப்போதுதான் புரிந்தது. எய்யும் ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று கிரீனர் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்மியர் பெயரில் ஒரு பழைய கணக்கு வழங்குகிறது. ஒரு அவுன்ஸ் ரவைக்கு 6 பவுண்டு. ஒன்றேகால் அவுன்ஸுக்கெல்லாம் போக வேண்டாம், ஒன்றும் பதினாறில் ஒரு பங்கும் என்றால் 6 பவுண்டு 6 அவுன்ஸ். இது 6 பவுண்டு 2 அவுன்ஸ்தான் நிற்கிறது. இறகு போல இருந்ததில் ஒரு பகுதியாவது யாரோ தேய்த்துக் கொட்டிய இரும்புத் தூள்.

வியாபாரிக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமலும் இருக்கலாம். குறை என் பையிலேயே கிடந்த கருவியை எடுக்காத என்மேல்தான். இங்கிலாந்தில் இப்படித் துளை பெருத்துச் சோதனை எல்லையைத் தாண்டிய துப்பாக்கியை விற்பதே குற்றம். 1868-ஆம் ஆண்டுச் சட்டம். லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கத்துக்கு 1637-இலேயே சாசனம் கிடைத்துவிட்டது, பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் வந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு ஒரு முறை வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை. ஆனால் அந்த முத்திரை அன்றைய குழலுக்குத்தான். அதன்பிறகு யார் என்ன செய்தார்கள் என்று அதற்குத் தெரியாது.

இப்போது உன் துப்பாக்கி. பாம்புத் தோல் வரி என்றால் பெரும்பாலும் டமாஸ்கஸ் குழலாக இருக்கும். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருளாக வைத்து, காய்ச்சி அடித்து ஒட்டியது. பெல்ஜியத்தின் லியேஜ் பக்கம் இதில் ஏராளமாகச் செய்தார்கள். ஆனால் சாதாரண எஃகுக் குழலின் மேல் வரியை மட்டும் ஒட்டி ஏமாற்றியதும் உண்டு. முன்கட்டையைக் கழற்றிவிட்டு அது மறைத்திருந்த இடத்தைப் பார். டமாஸ்கஸ் என்றாலே வெடித்துவிடும் என்று பயமுறுத்துபவர்களையும் நம்பாதே, தாத்தா காலத்து வேலை தங்கம் என்பவர்களையும் நம்பாதே. நல்லதும் உண்டு, உள்ளுக்குள் ஒட்டு விட்டதும் உண்டு. பழைய கருமருந்துக்கு மட்டும் சோதித்ததா, பின்னால் வந்த புகையில்லா மருந்துக்கும் சோதித்ததா என்பது முத்திரையில்தான் தெரியும்.

தோட்டா அறையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய 12 போருக்கு அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம். இப்போதைய தோட்டாவில் இரண்டேமுக்கால் என்று போட்டிருக்கும், ஆனால் அது வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வாயை மடித்து மூடியிருக்கும்போது தோட்டா குட்டையாக இருக்கும்; பழைய அறைக்குள் சமர்த்தாக உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து, அறை குறுகித் துளையாகிற இடத்துக்குள் போய்ச் சிக்கும். அழுத்தம் ஏறும். உள்ளே நுழைந்துவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று ஆகாது.

கருவி இல்லாமலே நீ செய்யக்கூடியது இரண்டு. குழல்களை மட்டும் தனியே எடுத்து, அடியில் உள்ள கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டு. கணீரென்று நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை ஒட்டு விடாமல் இருக்கிறது. சட்டி உடைந்த சத்தம் வந்தால் எங்கோ விட்டிருக்கிறது. இரண்டாவது, கட்டையின் அளவு. துப்பாக்கியைத் தலைகீழாக மேசைமேல் வை. குழல் வாய்மேல் உள்ள குமிழ் மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே நிற்கட்டும், இல்லாவிட்டால் அது தூக்கிவிடும். கன்னம் படுகிற இடத்துக்கும் மேசைக்கும் எத்தனை அங்குலம், கட்டையின் பின்கோடிக்கும் மேசைக்கும் எத்தனை என்று எழுது. ஒன்றரையும் இரண்டேகாலும் என்பது வழக்கமான ஜோடி. முன் விசையிலிருந்து கட்டையின் அடி நடுப்பகுதி வரை நீளத்தையும் எழுது. பின்னாலிருந்து பார்த்து, கட்டை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று சொல்.

இதை ஏன் கேட்கிறேன் என்றால், என் பர்மிங்ஹாம் துப்பாக்கியில் கட்டை கால் அங்குலம் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறது. யாரோ இடது தோளில் வைத்துச் சுட்டவருக்காகச் செய்தது. நீளமும் பதினைந்தேகால், பின்னால் ஒரு துண்டு ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். நெட்டையான இடது கைக்காரர். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தோள் தெரிகிறது. துடைக்கச் சோம்பியவரும் அவர்தானோ என்னவோ, அதை மட்டும் அளக்க முடியவில்லை.

அதை நான் சுடப்போவதில்லை. நோட்டில் எல்லா எண்ணையும் எழுதி, வலது குழலில் ஒரு சீட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், எனக்குப் பிறகு யாராவது கண்ணாடி என்று மயங்கக்கூடாதே. இங்கே வரும்போது எடுத்து உன் இடது தோளில் ஒருமுறை வைத்துப் பார். நானறிந்த ஒரே நெட்டை இடது கைக்காரன் நீதான்.

முத்திரைகள்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து அனுப்பு. நல்ல துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் சுவரின் கனத்தை அளந்து சொல்லும்வரை தோட்டாவை அதன் பக்கமே கொண்டுபோகாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்

பின்குறிப்பு: "உள்ளே பார்த்தால் கொஞ்சம் கருப்பு" என்று எழுதியிருந்தாய். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாய்? மடக்கித் திறந்து, இரண்டு அறையும் காலி என்று பார்த்த பிறகு பின்பக்கமாகப் பார்த்திருந்தால் சரி. வாய்ப்பக்கமாக என்றால் அடுத்த கடிதம் முழுக்கத் திட்டுதான்.